ட்ரோன் காட்சி வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புகை இல்லை, காதைப் பிளக்கும் சத்தம் இல்லை, மறுநாள் காலையில் பெருக்க குப்பையும் இல்லை. வாணவேடிக்கைக்குப் பதிலாக ட்ரோன் காட்சி வைக்கலாம் என்று விழாக் குழுவில் யாராவது சொன்னால் உடனே எல்லோரும் தலையாட்டுவது இதனால்தான். 2022 ஜனவரி 29 அன்று டெல்லியில், குடியரசு தின விழாவின் நிறைவான பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 1,000 ட்ரோன்கள் பறந்ததிலிருந்து இந்த ஆசை இன்னும் பரவிவிட்டது. சரி, வைக்கலாம். ஆனால் தேதி குறித்து, முன்பணம் கொடுத்துவிட்டால் மீதியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பட்டாசுக் கணக்கிலேயே இதையும் போடுவதுதான் முதல் தவறு. விளக்கு பொருத்திய நூற்றுக்கணக்கான குட்டி விமானங்களை ஒரே நேரத்தில் ஓட்டி வானில் படம் வரைகிற வேலை இது.

காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஜூலையில் மெல்போர்ன் துறைமுகப் பகுதியில் மகளிர் கால்பந்து அணிக்காக 500 ட்ரோன்களை ஏற்றினார்கள். காற்று அவற்றின் வரம்பைத் தாண்டி வீசியது. 427 ட்ரோன்கள் போயின, பெரும்பாலானவை தண்ணீருக்குள். தரையில் இலை அசையாமல் இருந்தாலும் நூறு மீட்டர் உயரத்தில் நிலைமை வேறாக இருக்கும். எத்தனை வேகத்துக்கு மேல் காற்று வீசினால் ஏற்ற மாட்டீர்கள், அதை எந்த உயரத்தில் அளப்பீர்கள் என்று காட்சி நடத்தும் நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்து, கூட்டத்தை மிக அருகில் விடுவது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்லண்டோவில் ஏரிக்கரைக் காட்சி ஒன்றில் ட்ரோன்கள் மோதி விழுந்ததில் ஏழு வயதுச் சிறுவன் படுகாயமடைந்தான். காட்சியின் அமைவிடம் 7 டிகிரி விலகியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. கேட்க அற்பமான விலகல்தான். ஆனால் மொத்தப் படமும் அந்த அளவுக்குத் திரும்பினால் ஓரத்து ட்ரோன்கள் பார்வையாளர்களை நெருங்கிவிடும். தடுப்புக் கயிறு கட்டுவதில் மட்டும் 'கொஞ்சம் முன்னால வரட்டும்' என்று இரக்கம் காட்டவே கூடாது.

ஏற்றும் இடத்தையும் பாருங்கள். ட்ரோன்களைக் கட்டம் போட்டு, எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி வரிசையாக வைப்பார்கள். கீழே இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட்டோ பக்கத்திலேயே மேடைக்கான இரும்புச் சட்டமோ இருந்தால் அவற்றின் திசைகாட்டி குழம்பும். திறந்த மண் மைதானம் உத்தமம்.

நம் ஊர் விழாக்களில் கூட்டம் நாலு பக்கமும் நிற்கும். ட்ரோன் ஓவியமோ பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கானது. பின்னால் நிற்பவர்களுக்கு 'நல்வரவு' கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாக மாறித் தெரியும். மக்கள் நிற்கும் பக்கத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் வடிவமைக்கச் சொல்லுங்கள். வெடிச்சத்தம் இல்லாத வானம் சில நிமிடங்களிலேயே சலித்துவிடும். நல்ல இசையும் ஒலிபெருக்கியும் கட்டாயம்.

சிறப்பு விருந்தினர் பேச்சு இன்னொரு தலைவலி. சாதாரணமாக ஒரு காட்சி பத்துப் பதினைந்து நிமிடம்தான், அவ்வளவுதான் பேட்டரி தாங்கும். இயக்கி வைத்துவிட்டு உரை முடியட்டும் என்று காத்திருந்தால் தரையிலேயே சார்ஜ் இறங்கும். உரைகளை முன்பே முடித்துவிடுங்கள்.

அனுமதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ட்ரோன் பறக்கக்கூடிய பகுதிகளைக் காட்டும் மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணைய வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும், சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. காவல் துறையிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஒப்பந்தத்தில் மாற்றுத் தேதி இருக்கட்டும். 2023இல் அதே டெல்லி நிகழ்ச்சிக்கு 3,500 ட்ரோன்களைத் தயாராக வைத்திருந்தும் மழையால் காட்சியை ரத்து செய்தார்கள். மழை, காற்றால் நின்றால் பணம் திரும்ப வருமா, இல்லை மறுநாள் நடத்தித் தருவார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.