ஆளுக்கு ஆள் மாறும் காது: மூளை மின்னலையில் பேச்சொலியை அளப்பவர்கள் இடறும் இடங்கள்

வீட்டில் ஸ்பானியம் பேசி, கத்தலான் மொழியையும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட பார்சிலோனாக்காரர்களிலும் சிலருக்குக் கத்தலானின் இரண்டு வகை எகரமும் கடைசிவரை ஒன்றாகவே கேட்கும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இவர்களையும், இரண்டையும் பிரித்துக் கேட்பவர்களையும் ஒப்பிட்டது. சுருதியோ நீளமோ மட்டும் மாறும், பேச்சல்லாத வெற்றொலிகளுக்கு இரு சாராரின் மூளையும் ஒரே மாதிரி இயங்கியது. பேச்சொலியில்தான் வித்தியாசம் தெரிந்தது. தாய்மொழியின் ஒலிகளிலும்கூட.

அங்கே பயன்பட்ட கருவி எம்.எம்.என். (mismatch negativity) என்னும் மூளை மின்னலை. பின்லாந்து ஆய்வாளர் ரிஸ்டோ நாட்டனென் தம் குழுவினருடன் 1978-ல் விவரித்தது. ஓர் ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, நூற்றுக்குப் பதினைந்து முறை வேறொலியை நுழைத்தால், மாற்றம் தொடங்கிய 150 முதல் 250 மில்லி விநாடிக்குள் முன்தலையில் எதிர்மின் சரிவு ஒன்று தோன்றும். ஆள் ஒலியைக் கவனிக்காமல் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் வரும். குழுக்களை ஒப்பிட அருமையான கருவி. தனி ஆளை அளக்க அதையே அளவுகோலாக எடுக்கும்போதுதான் சிக்கல்.

இரண்டு ஒலியை நேராகக் கழிப்பது

‘கிளி’ பல முறை, இடையிடையே ‘கிழி’ என்று வைத்துக்கொள்வோம். ‘கிழி’யின் அலையிலிருந்து ‘கிளி’யின் அலையைக் கழித்தால் மிஞ்சுவது எம்.எம்.என். மட்டுமல்ல. இரண்டும் வேறு வேறு ஒலி என்பதாலேயே வரும் வித்தியாசமும் அதில் கலந்திருக்கும். இன்னொரு சுற்றில் ‘கிழி’யை அடிக்கடி வரும் ஒலியாக்கி, அரிதாக வந்த ‘கிழி’யிலிருந்து அடிக்கடி வந்த ‘கிழி’யைக் கழிக்க வேண்டும். நேரம் இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

ஆட்களைச் சேர்க்கும்போது ‘தாய்மொழி தமிழா’ என்று மட்டும் கேட்பதும் போதாது. பல வட்டாரப் பேச்சில் ழகரம் ளகரமாகவோ யகரமாகவோ மாறிவிடுகிறது. வீட்டில் ‘வாழைப்பழம்’ எப்படிச் சொல்வார் என்று சொல்லச்சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நேரத்தைத் தவறான இடத்தில் தொடங்குவது

‘கிழி’யில் வித்தியாசம் ழகரத்தில் தொடங்குவதில்லை. நாக்கு மடங்கத் தொடங்கும்போதே, முன்னிருக்கும் இகரத்தின் பிற்பகுதியில் மூன்றாம் ஃபார்மன்ட் (வாய்க்குழியில் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்களில் மூன்றாவது) இறங்க ஆரம்பித்துவிடும். பேச்சொலியை அலசும் பிராட் (Praat) மென்பொருளில் இரண்டு பதிவுகளின் ஸ்பெக்ட்ரோகிராமையும் (ஒலியின் அதிர்வெண் படம்) அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவை பிரியும் இடம் தெரியும். அதுவே பூஜ்யம். சொல்லின் தொடக்கத்தைப் பூஜ்யமாக வைத்தால் 200 மில்லி விநாடியில் வரவேண்டிய உச்சம் 350-ல் வரும். ‘மூளை மெதுவாக இயங்குகிறது’ என்று எழுதிவிடுவார்கள்.

ஒலி அட்டையின் தாமதமும் இதோடு சேரும். இயர்போனுக்குப் போகும் மின்குறியைத் தகுந்த இணைப்பு வழியாக ஈ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) பெருக்கியின் ஒரு சேனலில் கொடுத்து 200 முறை பதியுங்கள். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கழித்துவிடலாம். முறைக்கு முறை மாறினால் உச்சம் பரவித் தட்டையாகும். அந்த அமைப்பைச் சரிசெய்யாமல் ஆளை உட்கார வைக்காதீர்கள்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம்

பல ஆய்வுகள் கோட்டை விடும் இடம் இது. ஒரு முறைப் பதிவில் இரைச்சல் 20 மைக்ரோவோல்ட் என்றால், 100 முறையின் சராசரியில் அது 2 ஆகக் குறையும். இன்னும் பாதியாக்க 200 போதாது, 400 வேண்டும். இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால்தான் குறைகிறது. நெருக்கமான இரண்டு ஒலிகளுக்கு எம்.எம்.என்.னே ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்தான். 400 அரிய ஒலிக்கு மொத்தம் சுமார் 2,670 ஒலிகள். 600 மில்லி விநாடி இடைவெளியில் 27 நிமிடம். மாற்றுச் சுற்றையும் சேர்த்தால் 54. ஒரே மூச்சில் ஓட்டினால் ஆள் தூங்கிப்போவார், மின்முனைகளில் தடவிய ஜெல் காயும். இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது.

பதிவு முடிந்ததும் ஒற்றை எண் முறைகளையும் இரட்டை எண் முறைகளையும் தனித்தனியே சராசரி எடுத்து, ஆட்களின் வரிசை இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த நம்பகத்தன்மை 0.5, இரண்டு ஒலியையும் பிரித்துச் சொல்லவைக்கும் கேட்டல் தேர்வின் நம்பகத்தன்மை 0.8 என்றால், அலைக்கும் தேர்வுக்கும் இடையே உண்மையில் 0.5 ஆக உள்ள தொடர்பு உங்களுக்கு 0.32 என்றுதான் தெரியும். 20 பேரை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது; அங்கே 0.44-க்குக் குறைந்த எதுவும் வழக்கமான 5 சதவீத வரம்பைத் தாண்டாது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, தேர்வில் மிக நன்றாகவும் மிக மோசமாகவும் செய்தவர்களை மட்டும் எடுத்துத் தொடர்பு எண் கணக்கிடுவது இன்னும் மோசம். நடுவில் உள்ளவர்களை விட்டால் எண் வீங்கும்.

மைக்ரோவோல்ட்டைத் திறமை என்று படிப்பது

மண்டையோட்டின் தடிப்பும் மூளை மடிப்பின் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு 3, இன்னொருவருக்கு 1.5 என்பதால் முன்னவர் காது கூர்மை என்றாகாது. அதே ஆளிடம் வெற்றொலியின் நீள மாற்றத்துக்கு வரும் அலையையும் பதிந்து, பேச்சொலிக்கான அலையை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்சிலோனா ஆய்வின் பலமே அதுதான். முதலில் செவித்திறன் சோதனையில் 20 டெசிபலுக்குள் எல்லா அதிர்வெண்ணும் கேட்கிறதா என்று உறுதி செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

எந்த மின்முனை, எந்த நேரச் சாளரம் என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கடைசியில், பங்கேற்றவர் ‘எனக்கு எப்படி வந்தது’ என்று கேட்பார். ஒருவரிடம் அலை தெரியாமல் போவதற்கு இரைச்சலே போதும். இரண்டு ஒலியையும் பிழையின்றிப் பிரித்துச் சொல்பவரிடமும் அப்படி நேரும். ‘உங்கள் மூளைக்கு ழகரம் கேட்கவில்லை’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். செவித்திறன் வரைபடத்தை மட்டும் கொடுங்கள்.