விதைக்காக வளர்க்கும் புல்லில் களைக்கொல்லி: முதல்முறை தெளிப்பவர்களுக்கு

புல் விதை உற்பத்தியில் பெரிய தலைவலி இதுதான்: பயிரும் புல், களையும் புல். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் விடாது. களைவிதையும் பயிர்விதையும் ஒரே அளவில் இருந்தால் அறுவடைக்குப் பிறகு சல்லடையில் பிரிக்கவும் முடியாது. அதனால் பாதி வேலை விதைப்புக்கு முன்பே முடிய வேண்டும்.

1. நிலத்தைத் தயார் செய்து, நீர் பாய்ச்சி, இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். முளைத்து வரும் களைமேல் கிளைபோசேட் (பச்சையாக நிற்கும் எந்தச் செடியையும் கொல்லும் மருந்து) தெளியுங்கள். பிறகு மண்ணை அதிகம் கிளறாமல் விதையுங்கள். மறுபடி உழுதால் அடியில் கிடக்கும் களைவிதை மேலே வந்துவிடும்.

2. ரைகிராஸ் (ஒரு தீவனப்புல்) போன்ற பயிர்களில் பெரிய பண்ணைக்காரர்கள் செய்யும் உத்தி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். விதைக்கும்போதே சாலின்மேல் 2.5 செ.மீ. அகலத்துக்குக் கிளர்வூட்டிய கரியைக் கரைத்து விடுவார்கள். அதன்பின் வயல் முழுக்க டையூரான் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பார்கள். கரி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சாலில் பயிர் பிழைக்கும். இடைவெளியில் களை தலைதூக்காது.

3. அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி, எம்சிபிஏ போன்றவை. களை சிறிதாக இருக்கும்போது, பயிர் தூர் கட்டிய பிறகு தெளிக்கலாம். தொண்டைக்கதிர் பருவம் (கதிர் இன்னும் வெளிவராமல் இலையுறைக்குள் பருத்து நிற்கும் நிலை) வந்துவிட்டால் கை வைக்காதீர்கள். பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரில் மணி பிடிக்காது. சந்தேகமா? நாலைந்து தண்டுகளை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே இளங்கதிர் மேலேறி வருவது தெரிந்தால் தெளிக்கும் காலம் முடியப்போகிறது.

4. அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தட்டை விசிறி நாசில் மாட்டி, வெறும் தண்ணீரை 100 சதுர மீட்டரில் வழக்கமான நடையில் தெளியுங்கள். 4 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 400 லிட்டர். லேபிளில் ஹெக்டேருக்கு 1 லிட்டர் மருந்து என்றிருந்தால், 250 சதுர மீட்டருக்கு வரும் 10 லிட்டர் டேங்குக்கு 25 மி.லி. போதும். 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று ஊற்றினால் பயிர்தான் கருகும். மருந்தின் பெயர் மட்டும் போதாது, உங்கள் புல் வகையும் அந்த லேபிளில் இருக்க வேண்டும்.

5. கையுறை, கண்ணாடி, முகமூடி கட்டாயம். காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு வேண்டாம்.

6. தப்பிய புல்களைகளைக் கதிர் முற்றுவதற்குள் கையால் பிடுங்கி, சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். வரப்பில் போட்டால் அங்கேயே விதை கொட்டும்.