ரெட்பட் விதைக்கு ஒரு வெந்நீர், ஒரு குளிர்காலம்

மார்ச் கடைசியில் இங்கே வட கரோலினாவின் ராலே பக்கம் வந்தால், காட்டோரங்களில் இலையே இல்லாத சின்ன மரங்கள் ஊதா கலந்த ரோஜா நிறத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் ரெட்பட், இந்த மண்ணின் மரம். நம் பலா அடிமரத்தில் காய்ப்பதுபோல, இது முதிர்ந்த பட்டையிலிருந்தே கொத்துக்கொத்தாகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் அவரைப்பூ மாதிரி இருக்கும். நம்மூர் மந்தாரைக்கு நெருங்கிய சொந்தம். மந்தாரை இலை நடுவில் பிளந்திருக்கும். இதன் இலை பூவரச இலை போல முழுசாக இருக்கும்.

அக்டோபரில் காய்கள் காய்ந்து பழுப்பாகத் தொங்கும்போது விதை எடுத்துவிடுங்கள். முதல் வருடம் நான் அப்படியே தொட்டியில் ஊன்றினேன். மே வரை தினமும் எட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைத்தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீரே உள்ளே இறங்காது.

இப்போது செய்வது இதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம் கழித்து விதைமேல் ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் உளுந்து ஊறியதுபோல உப்பியிருக்கும். உப்பாதவற்றுக்கு மறுபடி வெந்நீர். அப்புறம் ஈர மணலோடு ஜிப்லாக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் மூன்று மாதம். டிசம்பர் முதல் வாரம் வைத்தால் மார்ச்சில் எடுக்கலாம். மணலில் ஈரம் இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. எடுத்ததும் கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

இதன் ஆணிவேர் ஆழமாகப் போகும், வளர்ந்தபின் பிடுங்கி நடுவதைத் தாங்காது. அதனால் ஒன்றிரண்டு வயதிலேயே நிரந்தர இடத்துக்கு மாற்றிவிடுங்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள, தண்ணீர் தேங்காத இடம் நல்லது. எங்களுடையது களிமண்ணான செம்மண். குழியை வேர்க்கட்டியைப் போல மூன்று மடங்கு அகலமாகத் தோண்டுவேன், ஆழம் மட்டும் அதே அளவுதான். நர்சரியில் வாங்கிய ஒரு மரத்தை அரைச்சாண் கூடுதல் ஆழத்தில் நட்டு, மூன்றாம் வருடம் பறிகொடுத்தேன். தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்குள் புதைந்திருந்த பட்டை அழுகி, கையோடு உரிந்து வந்தது. வேர் விரியத் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரத்தூள் போர்த்தினாலும் அடிமரத்தில் படாமல் தள்ளிப் போடுங்கள்.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். உரம் அவசியமில்லை. கவாத்து செய்வதென்றால் பூ முடிந்த உடனே. குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருடப் பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். இலையுதிர்காலத்தில் மான்கள் கொம்பைத் தேய்க்க வரும், இளமரத்தைச் சுற்றி கம்பிவலை கட்டாயம் வேண்டும்.

நான் விதை போட்ட மரம் ஆறாவது வசந்தத்தில் பூத்தது. பூவைச் சாப்பிடலாம், லேசான புளிப்பு. ஒரு கைப்பிடி பறித்துப் பாசிப்பருப்புக் கோசுமல்லியில் தூவினேன். மீதியை அப்படியே விட்டுவிட்டேன், தேனீக்கள் காலையிலேயே வந்துவிட்டிருந்தன.