பழைய சுவரில் பாசியா? தேய்ப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

பழைய கட்டடச் சுவரில் பச்சையாகவோ கறுப்பாகவோ ஏதாவது படர்ந்துவிட்டால், கை உடனே பிரஷ்ஷைத் தேடும். சேதத்தில் பெரும்பங்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நுண்ணுயிர்கள் ஆண்டுக்கணக்கில் அரித்ததைவிட அதிகமான கல்லை நாம் ஒரே மதியத்தில் உரித்துவிடலாம்.

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்தான் கற்பாசி (லைக்கன்). காய்ந்த கற்பாசித் திட்டு ஒன்றைப் பிய்த்து, அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கல்மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கற்பாசியில் உள்ள பூஞ்சை இழைகள் கல்லுக்குள் சில மில்லிமீட்டர் வரை இறங்கும். அவை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கல்லின் தாதுக்களைக் கரைக்கும். கற்பாசி மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, மணிகளை மெல்ல நெம்பிக்கொண்டும் இருக்கும். ஆகவே உயிரோடு இருக்கும்போது சுரண்டக் கூடாது. முதலில் சாகவிட வேண்டும். சில வாரங்களில் பிடி தளர்ந்த பிறகு மென்மையான நைலான் பிரஷ் போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். இளகிய மணிகளை அது அடித்துக்கொண்டு போகும். போதாததற்குத் துளைகளுக்குள் தண்ணீரையும் ஏற்றிவிடும்.

பிளீச்சிங் திரவம் இன்னொரு பொறி. நிறம் உடனே போய்விடுவதால் வேலை முடிந்த மாதிரி தெரியும். ஆனால் அதிலுள்ள சோடியம் ஹைபோகுளோரைட் கல்லுக்குள் உப்பை விட்டுச்செல்கிறது. அந்த உப்பு படிகமாகும்போது மேற்பரப்பு பொரிந்து உதிரும்.

அதற்காக, வேறு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சரியாகிவிடுமா? ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்ஸின் லாஸ்கோ குகையைப் பாருங்கள். கட்டடம் இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே. பார்வையாளர்களின் மூச்சும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து பாசியை வளர்த்ததால் 1963-இல் அதை மூடினார்கள். 2001-இல் ஃப்யூசேரியம் என்ற வெள்ளைப் பூஞ்சை பரவியது. பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியை அடித்தார்கள். பிறகு கறுப்புத் திட்டுகள் கிளம்பின. மருந்தைத் தாங்கும் உயிர்களே மிஞ்சின, மருந்தின் மிச்சமே சிலவற்றுக்கு உணவானது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு தண்ணீரைத் தேடாமல் விடுவதுதான். கூரை வடிகால் அடைத்திருக்கிறதா, தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா, மரநிழல் சுவரைக் காயவிடாமல் வைத்திருக்கிறதா, பறவை எச்சம் உரமாகிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் எதை அடித்தாலும் பாசி திரும்பி வரும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுவதும் அக்ரிலிக் பூச்சு அடிப்பதும் இதே தவறின் வேறு வடிவம்தான். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் போகும்.

அப்புறம், எல்லாக் கற்பாசியையும் எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கல் உறுதியாக இருந்து, எடுத்தால் மணிகளும் சேர்ந்து வரும் என்றால் விட்டுவிடுவதே மேல். எடுப்பதாக இருந்தால் கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சோதித்துப் பார்த்து, படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். பச்சை திரும்பியிருந்தால், ஈரம் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.