சி ஷார்ப்பிலிருந்து டிக்கு: என் சாக்ஸபோன் பயிற்சியில் திருத்திக்கொண்டது

டி மேஜர் ஸ்கேலை (டி சுரத்தில் தொடங்கும் சுர வரிசையை) எத்தனை முறை வாசித்தாலும், நடு சி ஷார்ப் சுரத்திலிருந்து அடுத்த டிக்கு ஏறும் இடத்தில் என் வாசிப்பு இடறிக்கொண்டே இருந்தது. பல மாதங்கள் முழு ஸ்கேலையும் வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்து, அந்தப் பிழையைத்தான் பழக்கிக்கொண்டேன் என்பது பின்னரே புரிந்தது.

சி ஷார்ப்புக்கு எந்தக் கீயையும் (விரலால் அழுத்தும் விசையையும்) அழுத்த வேண்டியதில்லை; டிக்கோ இரு கைகளின் ஆறு விரல்களும், ஆக்டேவ் கீயை (சுரத்தை மேல் ஸ்தாயிக்கு உயர்த்தும் விசையை) அழுத்தும் இடது கட்டைவிரலும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். கண்ணாடியின் முன் நின்று மிக மெதுவாக வாசித்துப் பார்த்தபோது, வலது மோதிர விரல் மற்றவற்றைவிட உயரமாக எழும்பித் தாமதமாக இறங்குவதையும், கட்டைவிரல் தன் இடத்தை விட்டே தூக்கப்படுவதையும் கண்டேன்.

ஆகவே அந்த இரண்டு சுரங்களை மட்டும் பிரித்தெடுத்து, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, விரல் நுனிகள் கீகளைத் தொட்டபடியே இருக்க, கட்டைவிரலைத் தூக்காமல் உருட்டிப் பழகினேன். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித் தொடங்கினால் விரல்களின் தாமதம் காதுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பதால், இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்தே வாசித்தேன். பிறகு முதல் சுரத்தை நீட்டி அடுத்ததைக் குறுக்கியும், அதை மாற்றியும் வாசித்தது மிகவும் உதவியது. தொடர்ந்து பத்து முறை சுத்தமாக வந்தால் மட்டுமே வேகத்தில் 4 கூட்டினேன். மூன்றாவது வாரத்தில், முழு ஸ்கேலிலும் அந்த இடம் தடையின்றி ஒலித்தது.