நம்ம கம்ப்யூட்டர்ல தெரியுது, நெட்ல மட்டும் ஏன் தெரியல? மொத வெப் பேஜ் போடறவங்க பண்ற தப்புங்க

சொந்தமா ஒரு பேஜ் எழுதி முடிச்சு, ஃபைலை டபுள் கிளிக் பண்ணி பிரவுசர்ல பாத்தா எழுத்து, போட்டோ, லிங்க் எல்லாம் அழகா இருக்கும், அப்படியே சர்வர்ல (பேஜை நெட்ல வச்சுக் காட்டற கம்ப்யூட்டர்) ஏத்திட்டு திறந்தா போட்டோ இருக்கிற இடத்துல உடைஞ்ச ஐகான் நிக்கும், இல்லன்னா பேஜே வராது. உடனே எச்டிஎம்எல் (பேஜ் எழுதற மொழி) தப்புன்னு நெனச்சு கோடை மாத்தி மாத்தி எழுத ஆரம்பிச்சிடாதீங்க. கோடு பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், கோளாறு சேவ் பண்ணதுலயும் ஏத்துனதுலயும்தான்.

இதுல நெறைய பேர் மாட்டுறது ஃபைல் பேர்லதான். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணுதான், ஆனா பேஜை வைக்க இடம் தர்ற ஹோஸ்டிங் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ்ங்கிற வேற சிஸ்டத்துல ஓடுது, அங்க ரெண்டும் வேற வேற ஃபைல். என்னோட மொத பேஜ்ல இதான் ஆச்சு. கேமரா போட்டோவை ஜேபிஜிங்கிற கடைசி மூணு எழுத்தைப் பெரிய எழுத்துல வச்சு சேவ் பண்ணியிருந்துச்சு, நான் கோடுல சின்ன எழுத்துல எழுதியிருந்தேன், வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டோ பளிச்சுனு தெரிஞ்சுது, நெட்ல வரவே இல்ல, ஒரு சாயங்காலம் பூரா கோடையே மொறச்சு பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஃபைல் லிஸ்டையும் கோடையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டப்போதான் புரிஞ்சுது. அதுலேர்ந்து எல்லா பேரும் சின்ன எழுத்துதான், இடைவெளி கிடையாது, ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஹைஃபன். இடைவெளி விட்டா அட்ரஸ்ல அது %20ன்னு மாறி நிக்கும், லிங்க் காப்பி பண்ணி அனுப்பும்போது பாதியில அறுந்துடும். தமிழ்ல பேர் வைக்கலாமான்னு கேட்டா வைக்கலாம், வேலை செய்யும், ஆனா "படம்"ங்கிற ஒரு சின்ன வார்த்தை அட்ரஸ்ல 36 எழுத்துக் குறியா நீண்டுடும், அதனால ஃபைல் பேரை ஆங்கிலத்துல வச்சுட்டு பேஜ் உள்ள தமிழ் எழுதுங்க.

நோட்பேட்ல எழுதறவங்க சேவ் பண்றப்போ டைப்ங்கிற இடத்துல ஆல் ஃபைல்ஸ்னு மாத்திக்கோங்க, இல்லன்னா எச்டிஎம்எல்லுக்குப் பின்னாடி டிஎக்ஸ்டின்னு ஒரு வால் ஒட்டிக்கலாம். விண்டோஸ் அந்த வாலை மறைச்சு வைக்கிறதால கண்ணுக்கும் தெரியாது. எக்ஸ்ப்ளோரர்ல வியூவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லி டிக் பண்ணிடுங்க, பாதி குழப்பம் அங்கயே தீரும். வேர்டுல எழுதி வெப் பேஜா சேவ் பண்றத மட்டும் தயவுசெஞ்சு வேணாம், தேவையில்லாத கோடு மலையா சேரும், பின்னாடி ஒரு வரி மாத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

தமிழ்ல எழுதற நமக்கு இன்னொண்ணு ரொம்ப முக்கியம், என்கோடிங், அதாவது எழுத்தை ஃபைலுக்குள்ள பதியற முறை. ஃபைலை யூடிஎஃப்-8ல சேவ் பண்ணணும், பேஜோட ஹெட் பகுதியில மெட்டா சார்செட்டும் யூடிஎஃப்-8னு (<meta charset="utf-8">) போடணும், ரெண்டும் வேணும். ஏஎன்எஸ்ஐங்கிற பழைய முறையில சேவ் பண்ணா தமிழ் எழுத்து பூரா கேள்விக்குறியா மாறிடும், அப்படி மாறினது திரும்ப வராது, மறுபடி டைப்தான் அடிக்கணும். 2019ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுலேர்ந்து நோட்பேட் தானாவே யூடிஎஃப்-8 எடுத்துக்குது, பழைய கம்ப்யூட்டர்னா நீங்கதான் பாத்து தேர்ந்தெடுக்கணும். எழுத்து கேள்விக்குறியா இல்லாம கிறுக்கலா தெரியுதுன்னா பயப்படாதீங்க, மெட்டா வரியைச் சேத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

போட்டோவுக்குப் பாதை எழுதும்போது சி டிரைவ்லேர்ந்து ஆரம்பிக்கிற முழுப் பாதையைப் போடாதீங்க. அந்த சி டிரைவ் உங்க மேஜை மேல இருக்கு, பேஜைப் பாக்கறவங்ககிட்ட இல்லயே! பேஜ் இருக்கிற ஃபோல்டர்லேர்ந்து போட்டோ எங்க இருக்கோ அந்த வழியை மட்டும் எழுதுங்க, அதுவும் விண்டோஸ் போடற பின்பக்கம் சாஞ்ச கோடு இல்லாம முன்பக்கம் சாஞ்ச கோடு போட்டு. அதே ஃபோல்டர் அமைப்பை அப்படியே சர்வர்லயும் வைங்க, எச்டிஎம்எல் ஃபைலை மட்டும் ஏத்திட்டு போட்டோ ஃபோல்டரை மறந்துடறவங்க நெறைய பேரு.

மொபைல்ல எடுத்த போட்டோவை அப்படியே ஏத்தறதும் வேணாம். 12 மெகாபிக்சல்னா 4000க்கு 3000 பிக்சல், ஒண்ணே பல எம்பி வரும். கோடுல அகலம் 400ன்னு போட்டா பாக்கறதுக்குத்தான் சின்னதாகும், டவுன்லோடு ஆகறது முழு ஃபைல்தான். ஏத்தறதுக்கு முன்னாடியே 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சுடுங்க. லொகேஷன் ஆன் பண்ணி எடுத்த போட்டோன்னா எடுத்த இடம், வீட்டுல எடுத்திருந்தா வீடு இருக்கிற இடமே, அந்த ஃபைலுக்குள்ள பதிஞ்சிருக்கும், அதையும் நீக்கிட்டு ஏத்துங்க.

முகப்புப் பக்கத்துக்கு இண்டெக்ஸ்னு (index.html) பேர் வைங்க, அட்ரஸை மட்டும் அடிச்சா சர்வர் வழக்கமா தேடறது அதைத்தான். நெறைய ஹோஸ்டிங்ல அது பப்ளிக் எச்டிஎம்எல்ங்கிற (public_html) ஃபோல்டருக்குள்ள இருக்கணும், வெளியில போட்டா யாருக்கும் தெரியாது. 404 வந்தா அந்தப் பேர்ல அந்த இடத்துல ஃபைல் இல்லன்னு அர்த்தம், 403 வந்தா சர்வர் காட்ட மறுக்குது, ஃபைலைப் படிக்க பெர்மிஷன் இருக்கா, இல்ல இண்டெக்ஸ் ஃபைல் விடுபட்டிருக்கான்னு ரெண்டையும் பாருங்க. ஃபைல் ஏத்தறதுக்கு எஃப்டிபிங்கிற பழைய வழி வேணாம், அதுல பாஸ்வேர்டு மறைக்காம போகும், ஹோஸ்டிங்ல அதை மறைச்சு அனுப்பற எஸ்எஃப்டிபி இருந்தா அதையே எடுத்துக்கோங்க.

திருத்தி ஏத்தியும் பழசே தெரிஞ்சா கன்ட்ரோல் எஃப்5 அடிங்க, பிரவுசர் பழைய காப்பியைக் காட்டிட்டு இருக்கும். அவசரத்துக்கு சர்வர்லயே நேரா திருத்துனீங்கன்னா அன்னிக்கே அந்த ஃபைலை கம்ப்யூட்டருக்கு இறக்கி வச்சுக்கோங்க, இல்லன்னா அடுத்த வாரம் வீட்டுல இருக்கிற பழைய ஃபைலை ஏத்தும்போது திருத்துனது எல்லாம் அழிஞ்சு போயிடும்.