பழைய இரும்புக் கருவிப் பெட்டி: பார்த்து வாங்க, கெடாமல் துடைக்க

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்; மதியத்துக்குள் கடை கட்டிவிடுவார்கள். பெட்டிக்குள் கிடக்கும் ஸ்பேனருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். பெட்டி மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். பூட்டு, லேபிள் ஓரங்களில் பெயிண்ட் வழிந்திருந்தால் அது பிறகு யாரோ அடித்தது. பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை அடைத்த புட்டிப் பசை (putty) இருக்கலாம். கையில் சின்னக் காந்தம் இருந்தால் தெரிந்துவிடும்: புட்டி உள்ள இடத்தில் ஒட்டாது. பெட்டி முழுவதுமே ஒட்டவில்லை என்றால் அலுமினியம். அம்கோ (UMCO) நிறுவனத்தின் தூண்டில் பெட்டிகளில், அதாவது மீன்பிடிச் சாமான் வைக்கும் பெட்டிகளில், அந்த வகை உண்டு.

அடிமூலை நான்கையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஈரத் தூண்டில் சாமான் கிடந்த இடம் உள்ளிருந்தே அரித்திருக்கும். தகடு அமுங்கினால் விட்டுவிடுங்கள். தட்டில் பிசுபிசுப்பான கறை இருந்தால், தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழு உருகிப் பெயிண்டைத் தின்றது. அந்த இடம் பழையபடி ஆகாது.

பெட்டியைத் திறக்கும்போது உள்தட்டுகளைத் தூக்கும் இரும்புக் கைகள்தான் முக்கியம். இறுகியிருந்தால் இழுக்கவே கூடாது: கைகளை இணைக்கும் ஆணியான ரிவெட் அசையாது, தகட்டில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஸ்பாட் வெல்டிங்தான் பிய்யும். ரிவெட் ஒவ்வொன்றிலும் துருவை இளக்கும் டபிள்யூடி-40 (WD-40) ஸ்பிரே விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இரண்டு பக்கக் கைகளையும் ஒன்றாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் ஆட்டுங்கள். பழுப்புச் சாறு வரும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். இளகியதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. டபிள்யூடி-40 மட்டும் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

வெளிப்புறத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். கென்னடி நிறுவனப் பெட்டிகளின் சுருக்கம் விழுந்த பழுப்புப் பெயிண்டுக்கு மெல்லிய பல் துலக்கி. உப்புத்தாள் பட்டால் சுருக்கம் போய்விடும். லேபிளில் பெயிண்ட் தின்னர் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி தேய்க்காதீர்கள்.

கழற்ற முடிந்த துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை மட்டும் சிட்ரிக் ஆசிடில் ஊறவைக்கலாம்: 1 லிட்டருக்கு 50 கிராம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றில் புதுத் துரு உடனே படியும். துத்தநாகப் பூச்சு உள்ள கொண்டியைப் போட வேண்டாம், பூச்சு கரைந்துவிடும். முழுப் பெட்டியையும் முக்கினால் பெயிண்ட் போய்விடக்கூடும், அதோடு விலையும்.

சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். உள்ளே செய்தித்தாள் விரிக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டவைக்கும். சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.